ஏசி பாயின்ட் விட்டுருவோமா, அக்கா?

புது வீட்டில் ஏசி வைப்பதா வேண்டாமா என்ற பேச்சில் எங்கள் குடும்பத்தில் இன்னும் கருத்துச் சொல்லாதது நாத்தனார் பேத்தி மட்டும்தான். அவளுக்குப் பேச்சு வரவில்லை. மற்ற எல்லோரும் சொல்லியாகிவிட்டது. சிலர் இரண்டு பக்கமும் சொல்லிவிட்டார்கள். மதுரையில் வீடு கட்டுகிறவளுக்கு மணலுக்கும் கம்பிக்கும்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. யோசனை லாரி லாரியாகச் சும்மா வந்து இறங்குகிறது.

கெடு வைத்தது எலக்ட்ரீஷியன் தம்பி. பூச்சு வேலை தொடங்கப்போகிறது. அதற்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். "இப்பச் சொல்லிட்டீங்கன்னா காப்பர் பைப், டிரெயின் பைப், ஒயர் எல்லாத்தையும் சுவத்துக்குள்ளயே புதைச்சிரலாம்க்கா. பூசி, பட்டி பாத்து, பெயின்ட் அடிச்சதுக்கப்புறம் சொன்னீங்கன்னா உடைக்கணும். அப்ப என்னையத் திட்டக் கூடாது." அவர் சொல்வது நியாயம்தான். ஏசி என்பது கடையில் வாங்கி வந்து ஆணியில் மாட்டுகிற சாமான் இல்லை. அதற்குத் தனி ஒயர், தனி எம்சிபி, தண்ணீர் தானாக வடிய வாட்டம் பார்த்த குழாய், வெளியே பெட்டி உட்கார இடம், அந்தப் பெட்டிக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவே சுவரில் ஓட்டை என்று ஒரு ஊர்வலமே இருக்கிறது. வாங்குவோமா என்றே தெரியாத ஒரு மெஷினுக்காக முதலில் சுவரைக் கீற வேண்டும்.

"வாங்கலேன்னா என்ன தம்பி பண்றது?"

"இருந்துட்டுப் போகுதுக்கா. நாளப்பின்ன மாப்பிள்ளை வந்தா கேப்பாருல்ல?"

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அவளுக்கு வரப்போகிறவனுக்கு வேர்க்கக் கூடாது என்று எலக்ட்ரீஷியன் இப்போதே கவலைப்படுகிறார். இன்றைக்கு இந்த வீட்டில் வேர்க்கிறவர்களைப் பற்றிப் பேச்சில்லை.

எங்கள் மாமனார் எதிர்க்கட்சி. "நாங்கள்லாம் ஏசியிலயா வளர்ந்தோம்? ஒரு விசிறிமட்டை, ஒரு பானைத் தண்ணி. உடம்பு அப்படி இருந்துச்சு" என்பார். நான் மறுத்துப் பேசுவதில்லை, மாமா மனசு கஷ்டப்படும். ஆனால் அவர் வளர்ந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது. ஒன்றரை முழத்துக்குக் குறையாத சுவர், சுண்ணாம்புப் பூச்சு. மேலே மெட்ராஸ் டெர்ரஸ்: தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்துவாக்கில் அடுக்கி, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி நாள்கணக்காக அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்தது. நடுவில் முற்றம். உள்ளே சூடாகிற காற்று அதன் வழியாக ஏறிப் போய்விடும். அதன் இடத்துக்குத் தெருத் திண்ணைப் பக்கமிருந்து நிழல்காற்று வரும். சந்தும் குறுகல் என்பதால் எதிர்வீட்டுச் சுவரே இந்த வீட்டுக்குக் குடை. அந்த வீடு முழுவதுமே ஒரு குளிர்சாதனமாகத்தான் வேலை பார்த்தது. வீடு செய்த வேலைக்கு மாமா தன் உடம்புக்கு மெடல் குத்திக்கொள்கிறார். அந்த வீட்டில் தன் பங்கை விற்ற பணத்தில்தான் இந்த மனையையே வாங்கினோம் என்பதையும் நான் சொல்லிக்காட்டுவதில்லை.

இந்த ஊரில் வெயிலைச் சும்மா பொறுத்துக்கொள்வது என்றைக்குமே வழக்கமில்லை. சாமிக்கே வழி பார்த்து வைத்த ஊர் இது. மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபம் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. கோடையில் அம்மனும் சுவாமியும் வந்து தங்குவதற்கு, சுற்றிலும் தண்ணீர் தேங்க வாய்க்கால் விட்டுக் கட்டின கல்மண்டபம். சித்திரைத் திருவிழாவில் அழகர் வந்தால் துருத்தியில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சி அடிக்கிறோம். அக்னி நட்சத்திரத்தில் சிவன் கோயில்களில் லிங்கத்தின் மேல் தாரா பாத்திரத்தைத் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக நீர் விழச் செய்கிறோம். கல்லுக்கும் செம்புக்கும் இத்தனை பரிவு. மனுஷிக்கு மட்டும் மன உறுதி போதுமாம்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஆதங்கம் அங்கேதான் இருக்கிறது.

மூன்று சென்ட் மனை, மேற்குப் பார்த்தது. வரைபடம் போட வந்த இன்ஜினியரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "சார், வெயில் உள்ள வராத மாதிரி போட்டுக் குடுங்க." அவர் தலையை ஆட்டிவிட்டு, கம்ப்யூட்டரில் எலிவேஷன் காட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெட்டி மேல் பெட்டி வைத்த மாதிரி, வெள்ளையும் சாம்பலுமாக, முன்பக்கம் உயரமாகக் கண்ணாடி. ஜன்னலுக்கு மேல் சன்ஷேடைக் காணோம். கேட்டால், "அதெல்லாம் ஓல்ட் மாடல் மேடம், லுக் போயிரும்" என்றார். இரண்டடி கான்கிரீட் பலகை, வெயிலையும் மழையையும் சாகும்வரை இலவசமாகத் தடுக்கிற ஒன்று, லுக்குக்காகப் போனது.

அடுத்தது ஜன்னல். மரத்தில் இரண்டு கதவு வைத்தால் கறையான், மழையில் ஊறும், விலை அதிகம் என்று யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னலுக்கு எல்லோரும் மாறிவிட்டார்கள். இரண்டு கண்ணாடி, இரண்டு தண்டவாளம். ஒன்றைத் தள்ளினால் அது இன்னொன்றின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கும். எவ்வளவு முயன்றாலும் பாதி ஜன்னல்தான் திறக்கும். ஐந்தடி ஜன்னலுக்குக் காசு கொடுத்து இரண்டரை அடிக் காற்று வாங்குகிறோம். அதிலும் கொசுவலை. வீடு வீடாகப் போய்ப் பாருங்கள், அந்தப் பாதியும் மூடித்தான் இருக்கும். மூன்றடி சந்துக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சமையலறை.

அப்புறம் வாஸ்து. இதில் என் வீட்டுக்காரருடைய அண்ணன்தான் நிபுணர். குடும்பத்தலைவர் படுக்கையறை கன்னி மூலையில்தான் வர வேண்டும் என்று நின்றார். கன்னி மூலை என்றால் தென்மேற்கு. மத்தியானத்துக்கு மேல் மேற்குச் சுவரில் ஏறுகிற வெயில் ஆறு மணிவரை அங்கேயே குடியிருக்கும். வீட்டிலேயே அதிகம் கொதிக்கிற மூலையைத் தேர்ந்தெடுத்து, அங்கே ராத்திரி படுக்கச் சொல்கிற சாஸ்திரம் இது. முற்றமும் தாழ்வாரமும் தடித்த சுவரும் இருந்த காலத்தில் அது பொருந்தியிருக்கலாம். ஆறு அங்குல பிளாக் சுவரில் கன்னி மூலைதான் அசல் அக்னி மூலை. "வடகிழக்குல படுத்தா என்ன ஆகும்?" என்று கேட்டேன். அது ஈசானியம், பூஜை அறை என்றார். ஆக, வீட்டில் குளிர்ச்சியான இடம் சாமி படத்துக்கு.

எல்லாவற்றுக்கும் மேலே கூரை. ஐந்து அங்குலக் கான்கிரீட். காலையிலிருந்து வெயிலைக் குடித்துவிட்டு, நாம் படுக்கப் போகிற நேரம் பார்த்து அதைக் கீழே இறக்கும். அடுப்பை அணைத்த பிறகும் சுடுகிற தோசைக்கல்தான் அது. மேலே இருக்கும் அந்தச் சூட்டைச் சீலிங் ஃபேன் தள்ளித் தள்ளி நம் மேல் கொட்டும். ஐந்தில் வைத்தாலும் வருவது அனல்தான். பழைய வீடுகளில் கூரை பன்னிரண்டு, பதினான்கு அடி உயரத்தில் இருந்தது. இப்போது பத்தடி என்றாலே தாராளம். இதில் இன்னொரு வேடிக்கை: இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் வாழும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரம் வேண்டும் என்று இருக்கிறது. ஏசி போட்ட அறை என்றால் 2.4 மீட்டர் போதும் என்று சலுகை. ஒரு அடிக்கு மேல் தள்ளுபடி! ஏசி வரும் என்று நம்பிக் கூரையைத் தாழ்த்தலாம். கூரை தாழ்ந்தபின் ஏசி இல்லாமல் இருக்க முடியாது. இன்ஜினியர் இப்போது ஃபால்ஸ் சீலிங் வேறு கேட்கிறார், உள்ளே நீல விளக்கு ஓடுமாம்.

ஆக, சன்ஷேடை எடுத்தது ஒருவர், ஜன்னலைப் பாதியாக்கியது ஒருவர், படுக்கையறையை வெயிலில் வைத்தது ஒருவர், கூரையைக் குறைத்தது ஒருவர். கடைசியில் எல்லோரும் சுற்றி நின்று, "ஏசி போடப் போறீங்களா? ஏம்மா, அவ்வளவு வசதியா?" என்று என்னைக் கேட்கிறார்கள். வேண்டுமா வேண்டாமா என்று கேட்க வேண்டிய நேரம் வானம் தோண்டியபோதே போய்விட்டது.

விலை விசாரிக்கக் கடைக்குப் போனோம். கடைக்காரப் பையன் வீட்டு அறையின் அளவு கேட்டான். பத்துக்குப் பன்னிரண்டு என்றோம். "அப்ப ஒரு டன் போதும் சார்" என்றவன், "மேல் மாடியா? மொட்டை மாடிக்குக் கீழயா? மேற்கு வெயிலா?" என்று அடுக்கிக் கேட்டுவிட்டு, "அப்ப ஒன்றரை டன்னுதான் சார், ஒரு டன் இழுக்காது" என்று முடித்தான். வீட்டில் மாமா இதைக் கேட்டுப் பதறிப் போனார், ஒன்றரை டன்னைச் சுவர் தாங்குமா என்று. அது பெட்டியின் எடை இல்லை; ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுக்க உருகினால் எவ்வளவு சூட்டை இழுக்குமோ அந்தக் கணக்கு. மணிக்கு 12,000 பிடியு என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். பனிக்கட்டியில் குளிர்ச்சியை அளந்த காலத்து மிச்சம் அது. சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று நிற்கிறதே, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டியது, அந்தக் காலம். நான் யோசித்தது வேறு. ஒரு டன்னில் முடிய வேண்டியது ஒன்றரை ஆனதே, அந்த அரை டன் யார் கணக்கு? சன்ஷேட் வேண்டாம் என்றவர் கணக்கா, கன்னி மூலை என்றவர் கணக்கா? அவர்கள் வீட்டு மீட்டரில் அது ஓடப்போவதில்லை.

கடையில் வேறு வகைக் குழப்பம். மூன்று ஸ்டாரா, ஐந்து ஸ்டாரா? ஐந்து ஸ்டார் கரண்ட் குறைவாக இழுக்கும், விலை அதிகம். ஆனால் அந்த ஸ்டாரும் நிலையாக நிற்பதில்லை. 2022 ஜூலையில் அளவுகோலை இறுக்கியபோது அதுவரை ஐந்து ஸ்டாராக இருந்தது நான்காக இறங்கியது. ஜாதகமே மாறுகிறது, பொருள் அதேதான். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமானது உண்மையில் நல்ல செய்தி. ஆனால் அந்த மிச்சத்தை விழுங்கக் காத்திருக்கிறது "இன்ஸ்டலேஷன் ஃப்ரீ" என்ற பலகை. வெளிப்பெட்டிக்கு ஸ்டாண்ட் தனி. பெட்டியோடு வரும் காப்பர் பைப் எட்டாவிட்டால் அதற்குமேல் அடிக்கணக்கில் காசு. டிரெயின் பைப் தனி. சுவரில் ஓட்டை போட கோர் கட்டிங் தனி. சித்திரை மாதம் எங்கள் ஏரியாவில் வோல்டேஜ் இறங்குவதால் ஸ்டெபிலைசர் தனி. இத்தனையும் போக எது ஃப்ரீ என்று கேட்டேன். "ஆள் வர்றது ஃப்ரீ மேடம்."

கரண்ட் பில்லுக்கு எங்கள் வீட்டில் ஒரு நோட்டே இருக்கிறது, இவர் எழுதுவது. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். அதற்குமேல்தான் சூட்சுமம். 2022 செப்டம்பரில் கட்டணத்தை மாற்றியபோது வந்த ஏற்பாட்டின்படி, மொத்தம் 500-க்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டுக்குப் பாதி விலை. 501 ஆனால் அந்தப் பாதி விலை பறிபோகும், மேலே உள்ளதற்கும் கூடுதல் விலை. ஒரே ஒரு யூனிட் தாண்டினதற்கு 200 ரூபாய்க்கு மேல் ஏறும். அதனால் ரீடிங் எடுக்க ஆள் வருகிற வாரம் எங்கள் வாடகை வீட்டில் அயர்ன் பாக்ஸுக்கு விடுமுறை. இந்த நிலையில் ஏசி வந்தால்? மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி எட்டு மணி நேரம், அறுபது நாள். 480. அந்த ஒற்றை அறையே ஐந்நூறை முடித்துவிடுகிறது. ஃப்ரிட்ஜ், மோட்டார், வாஷிங்மெஷின், கிரைண்டர் எல்லாம் இனி வேலி தாண்டித்தான் மேயும். இவர் நோட்டை மூடிவிட்டு, "ஒரு ரூம்ல மட்டும் போட்டு எல்லாரும் அங்கயே படுத்துக்கலாம்" என்றார். மாமனார், மாமியார், நாங்கள் இருவர், வயசுக்கு வந்த பெண், காலேஜ் போகிற பையன். கன்னி மூலையில், பத்துக்குப் பன்னிரண்டில்.

சோலார்காரர் ஒருவர் தானாகவே தேடி வந்தார். வீடு கட்டுகிற வாசனை எப்படித்தான் தெரியுமோ! மூன்று கிலோவாட் போட்டால் மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் என்றார். அது உண்மைதான். ஏசி ஓடுவது ராத்திரி, வெயில் அடிப்பது பகல் என்றேன். பகலில் மின்வாரியத்துக்குக் கொடுத்துவிட்டு ராத்திரி வாங்கிக்கொள்வதைப் பற்றி விளக்கினார். எனக்கு அதில் ஆசை வந்தது வேறு காரணத்துக்கு: அந்தப் பலகைகள் மொட்டை மாடியில் நின்றால் கீழே இருக்கிற கான்கிரீட்டுக்கு நிழல் கிடைக்கும். அதை அவர் சொல்லவேயில்லை. கரண்டை விற்க வந்தவருக்கு நிழலின் விலை எப்படித் தெரியும்?

மாடியில் வெள்ளை ஓடு பதித்தால் சூடு குறையும் என்று மேஸ்திரி சொன்னார். வெள்ளை நிறம் வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும், கான்கிரீட் வரை போக விடாது. ஏசி, ஸ்டாண்ட், ஸ்டெபிலைசர் எல்லாம் கூட்டினால் வருகிற தொகைக்குமேல் கொஞ்சம் போட்டால் மாடி முழுக்க முடித்துவிடலாம் என்று கணக்கும் சொன்னார். அதற்குக் கரண்ட் வேண்டாம், ரிமோட் வேண்டாம், சர்வீஸ் வேண்டாம். வீட்டில் ஒருவரும் உற்சாகம் காட்டவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் மாடி ஓட்டையா ஏறிப் பார்க்கப்போகிறார்கள்? ஹாலில் ஏசி இருக்கிறதா என்றுதான் தலையைத் தூக்குவார்கள். பால் காய்ச்சுகிற அன்றைக்கே ஹோமப் புகைக்கு ஜன்னலைத் திறந்து வைத்திருப்போம், ஏசி போடவே முடியாது. அது வேறு விஷயம்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏசியே ஆடம்பரம் என்கிற கட்சியில் நான் இல்லை. வெயில் முன்பு மாதிரி இல்லை. பகலைக்கூடத் தாங்கிவிடலாம், ராத்திரி இறங்க மாட்டேன் என்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. எங்கள் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, எழுபது தாண்டியாயிற்று, பிரஷர் மாத்திரை போடுகிறவர். போன கத்திரியில் ஒரு மத்தியானம் எழுந்து நின்றவர் அப்படியே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவரைப் பக்கத்து வீட்டு ஏசி அறையில்தான் படுக்க வைத்தோம். அதனால் இது தேவையா என்று என்னிடம் தத்துவம் பேச வேண்டாம்.

பேசுகிறான் ஒருவன், என் அண்ணன் மகன். பூமி சூடாவது பற்றி நிறையப் படிக்கிறவன். "அத்தை, ஏசிக்குள்ள இருக்கிற கேஸ் வெளியில கசிஞ்சா எவ்வளவு ஆபத்து தெரியுமா? ஆர் 32-ன்னு நல்ல கேஸ்னு விக்கிறாங்களே, அதுவே கார்பன் டை ஆக்சைடைவிட அறுநூறு மடங்குக்கு மேல சூடாக்கும்" என்று போனில் வகுப்பு எடுத்தான். அவன் சொன்ன கணக்கு சரிதான். எங்கிருந்து பேசுகிறாய் என்று கேட்டேன். சென்னையில் ஆபீஸிலிருந்தாம். குளிர் தாங்காமல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பதாக அவனே போன தடவை சொன்னான். உலகத்தைக் காப்பாற்றுகிற பொறுப்பை ஆபீஸ் கட்டடத்திடம் கேட்க முடியாது, அத்தையிடம் கேட்கலாம்.

வெளிப்பெட்டியை எங்கே வைப்பது என்பதும் தீரவில்லை. முன்பக்கம் வைத்தால் எலிவேஷன் கெடும். மாடியில் வைத்தால் பைப் நீளும். மிச்சம் இருப்பது பக்கச் சந்து, மூன்றடி. ஒன்றரை டன் ஏசி அறைக்குள்ளிருந்து எடுக்கிற சூடு ஐந்து கிலோவாட்டுக்கு மேல். அது தின்கிற கரண்டும் சூடாகச் சேர்ந்து வெளியே வரும். பக்கத்து மனைக்காரர் இன்னும் கட்டவில்லை. கட்டினால் அவர் ஜன்னலுக்கு நேராக எங்கள் பெட்டி அனலைக் கக்கும். அவர் ஜன்னலைச் சாத்துவார், சாத்தினால் புழுங்கும், புழுங்கினால் ஏசி வாங்குவார், அவர் பெட்டியும் அதே சந்தில் எங்களைப் பார்த்து உட்காரும். தெருவில் முதலில் போட்டவன் மற்ற எல்லோருக்கும் சேர்த்து முடிவு எடுத்துவிடுகிறான். நாங்கள் முதல் இல்லை. பின்பக்க வீட்டின் பெட்டி இரண்டும் ஏற்கெனவே எங்கள் மனையைப் பார்த்துத்தான் இருக்கின்றன.

பிள்ளைகளுக்கு இந்தத் துயரம் எதுவும் இல்லை. ரிமோட் யாரிடம் இருக்கும் என்பதில் இப்போதே சண்டை. பையன் பதினெட்டு என்கிறான், பதினெட்டில் வைத்தால் சீக்கிரம் குளிருமாம். குளிராது, அது எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஸ்டார் ஒட்டிய ஏசி எல்லாம் போட்டவுடன் 24-இல்தான் தொடங்க வேண்டும் என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. தொடங்குவதுதான் விதி, அப்புறம் விரல் சும்மா இருக்கணுமே. அத்தைக்கு 24-இலேயே முட்டி வலிக்கும். மாமா ஏசி அறைக்கே வர மாட்டேன், ஹாலில் பாய் போட்டுப் படுப்பேன் என்று இப்போதே அறிவித்துவிட்டார். மே மாதம் பார்க்கலாம்.

இத்தனை பேச்சிலும் ஒரு அறையின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. இந்த வீட்டிலேயே அதிக நேரம் சூட்டில் நிற்கிற அறை அது. காலை ஐந்தரைக்குப் பால், அப்புறம் இட்லி, மத்தியானச் சாப்பாட்டுக்கு டப்பாக்கள். நான் வேலைக்குப் போய்த் திரும்பிய பிறகு ராத்திரி தோசை, அதுவும் ஆள் ஆளுக்குச் சூடாக. தென்கிழக்கு, முறைப்படி அக்னி மூலை. சமையலறைக்கு ஏசி வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். எண்ணெய்ப் புகையில் ஃபில்டர் அடைத்துவிடும், காற்று பட்டால் அடுப்பு அலையும், சிம்னி போட்டால் குளிர்ந்த காற்றை எல்லாம் அது இழுத்து வெளியே தள்ளிவிடும். நான் ஏசி கேட்கவும் இல்லை. ஹாலில் ஏசியில் உட்கார்ந்துகொண்டு, "கதவைச் சாத்தும்மா, குளிர் போகுது" என்று சொல்லப்போகிறார்களே, அதை நினைத்தால்தான் இப்போதே வேர்க்கிறது.

நேற்று எலக்ட்ரீஷியன் தம்பி கையில் பேப்பரோடு வந்தார். இவர் கடைசியில் சமரசத்துக்கு வந்துவிட்டார்: பைப்பும் பாயின்ட்டும் எல்லா அறையிலும் விட்டுவிடுவது, ஏசி இப்போதைக்கு அத்தை, மாமா அறைக்கு மட்டும், மற்றது பிறகு. எனக்கும் அதில் மறுப்பில்லை. மாமா படுக்கிறாரோ இல்லையோ, அத்தைக்கு வேண்டும். மாடி ஓட்டையும் விடப்போவதில்லை, என் சீட்டுப் பணம் ஐப்பசியில் விழும். தம்பி பென்சிலால் சுவரில் குறி போட்டுக்கொண்டே வந்தார். பெட்ரூம் ஒன்று, பெட்ரூம் இரண்டு, மாடி ரூம், ஹால். எல்லாம் பேக்கேஜிலேயே வருகிறதாம், தனிக் காசு இல்லை.

"கிச்சன்ல ஒரு ஃபேன் பாயின்ட் வேணும் தம்பி. அடுப்புக்கு எதிர்ல இல்ல, நான் நிக்கிற எடத்துக்குப் பின்னால, சுவத்து ஃபேன். அப்புறம் அங்க மட்டும் ஸ்லைடிங் வேணாம், முழுசாத் திறக்கிற ரெண்டு கதவு ஜன்னலாப் போடச் சொல்லுங்க."

அவர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டிராயிங்ல இல்லையேக்கா. அது எக்ஸ்ட்ரா வரும்."